என் கையெழுத்திட்ட முட்டை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "வர்ற மாசம் மொத ஞாயித்துக்கிழமை காஹாங்குக்குப் பொண்ணு கேக்கப் போறோம். நீங்க வருவீங்களா மாட்டீங்களாப்பா? அத மட்டும் சொல்லுங்க" என்றாய். பிறகு தயங்கித் தயங்கி, யமுனாவின் அப்பா போட்டிருக்கும் நிபந்தனையையும் சொன்னாய். "வாத்தியாரு எங்க வீட்டு வாசல்ல நின்னு, எம்பொண்ணு முட்டைய அவிக்கலன்னு சொல்லட்டும். அப்புறம் மத்தத பேசலாம்" என்று மாரிமுத்து சொன்னாராம். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு முட்டை உன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறதே என்று உனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்திருக்கும். எனக்கு இரண்டும் வரவில்லை. அந்த மனிதரின் பெயரைக் கேட்டதும் வழக்கம்போல் கோபம்தான் வந்தது. அதனால்தான் வைத்தேன்.

வயதாக ஆக மனம் கனியும் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. யார் என்ன சொன்னார்கள், எந்தக் கூட்டத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. நீயும் அதிலிருந்து தப்பவில்லை. தெப்ராவில் வீடெடுத்துக்கொண்டு, விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நீ. வாரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் பேசுகிறாய். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் யமுனா வீட்டுக்காரர்கள் பக்கம் நின்று பேசினாய். அதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை எழுதத்தான் வேண்டும். உனக்கு மட்டும் எழுதி உறைக்குள் போடாமல் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புகிறேன். அன்று நான் பேசியதை ஒரு பள்ளிக்கூடமே கேட்டது. இதை நீ ஒருவன் மட்டும் படித்தால் போதாது.

அந்தப் பள்ளி உனக்கு நினைவிருக்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம், ஒரு சிற்றுண்டிச்சாலை, எண்பது சொச்சம் பிள்ளைகள். அறிவியல் என்றால் பாடநூலில் படம் பார்ப்பது என்றிருந்த இடத்தில் முட்டைப் போட்டியை நான்தான் கொண்டுவந்தேன். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரு பச்சை முட்டை, இருபது உறிஞ்சுகுழல், இரண்டு பழைய செய்தித்தாள், ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு, கொஞ்சம் ஒட்டுநாடா. இதற்குள் ஒரு கூடு கட்டி முட்டையை உள்ளே வைக்க வேண்டும். மாடித் தாழ்வாரத்திலிருந்து கீழே சிமெண்டுத் தரையில் போடுவேன். உடையாமல் இறங்கினால் வெற்றி. சீராகக் கட்டத் தெரியாத பிள்ளைகள்கூட, விழுகிற வேகத்தைக் காற்று எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள். இப்போது ஜொகூர் பாருவில் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் இதையே பெரிய பதாகை கட்டிச் செய்கிறார்கள். ஓர் இளம் ஆசிரியை அதைப் படமெடுத்துப் போட்டு, "நம் மாநிலத்தில் ஒரு புது முயற்சி" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த அன்று நான் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

போட்டிக்கு முன் நான் ஒன்றைத் தவறாமல் செய்துகாட்டுவேன். முட்டையை மேசைமேல் வைத்துச் சுழற்ற வேண்டும். அவித்தது பம்பரம்போல் சுற்றும், பச்சை முட்டை தள்ளாடும். சுற்றும்போது விரலால் ஒரு கணம் நிறுத்திவிட்டு விரலை எடுத்தால், பச்சை முட்டை மறுபடி மெல்ல நகரும், ஏனென்றால் உள்ளே இருப்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவித்தது நிறுத்திய இடத்திலேயே நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் முட்டைகளை இப்படிச் சோதித்துவிட்டு, யாரும் மாற்றிவைக்க முடியாதபடி ஓட்டின்மேல் அழியாத மையில் கையெழுத்துப் போடுவேன். நீ அந்தக் கையெழுத்தைப் பார்த்து, "முட்டைக்கு ரிப்போர்ட் கார்டாப்பா?" என்று கேட்டிருக்கிறாய்.

நீ ஆறாம் ஆண்டு படித்தபோது போட்டி ஒரு புதன்கிழமை நடப்பதாக இருந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் அதை வெள்ளிக்கு மாற்றினார். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளி பள்ளி நாள்தான். "வெள்ளிக்கிழமை எந்த அம்மா சார் முட்டைய வெளிய எடுப்பாங்க? பாதி வீட்ல மரக்கறி" என்றேன். "அப்ப நீங்களே கொண்டாந்துருங்க லா. ஆறு முட்டைதானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு நினைவிருக்கிறது. வியாழக்கிழமை பொழுது சாயும்வரை அதிகாரிக்கு நாற்காலி போடவும் பதாகை கட்டவும் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். பசி தாங்காமல் வழியில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை போன் செய்யாமல், வந்து படுத்துவிட்டேன். வெள்ளி காலை அம்மா பூசையில் இருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் இருந்த முட்டைகளில் ஆறை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளியில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் குழுக்களுக்குக் கொடுத்தேன். சுழற்றிப் பார்க்கவில்லை. என் வீட்டு முட்டையை நான் ஏன் சோதிக்க வேண்டும்?

பிள்ளைகள் காலையில் கூடு கட்டினார்கள். ஓய்வு நேரத்தில் எல்லாம் வகுப்பு மேசையிலேயே இருந்தன. பத்தரை மணிக்குப் போட்டி. முதல் மூன்று குழுவின் முட்டையும் சிமெண்டில் சிதறியது. நான்காவது விரிசல் விட்டு ஒழுகியது. ஐந்தாவது உன் குழு. உறிஞ்சுகுழல் கூண்டு நசுங்கியது, முட்டையில் ஒரு கீறல் இல்லை. அதிகாரி கை தட்டினார். என் மகன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெற்றி என்று அறிவித்தேன். ஆறாவது யமுனாவின் குழு. அவள் மாணவர் தலைவி. அப்பா மாரிமுத்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அம்மா செல்வி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்தியவர். அவர்கள் குழுவின் பிளாஸ்டிக் பை அழகாக விரிந்தது. ஆனால் பாதி வழியில் முடிச்சு நழுவி, முட்டை மட்டும் தனியாகக் கழன்று நேரே தரையில் விழுந்தது. 'டொக்' என்றது. சிதறவில்லை. உருண்டுபோய் அதிகாரியின் காலணியில் முட்டி நின்றது.

"அலமாக், அவிச்ச முட்டை லா!" என்று ஒரு பையன் கத்தினான். பள்ளியே சிரித்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தலைமையாசிரியர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கி வந்து, அந்த முட்டையை எடுத்து, எல்லார் முன்னாலும் கட்டைவிரலால் ஓட்டை உரித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யாரு அவிச்சது?"

"நாங்க அவிக்கல சார். நீங்க குடுத்த முட்டைதான் சார்" என்றாள் யமுனா. "ஓட்டுல உங்க கையெழுத்துகூட இருக்கு சார்."

"கையெழுத்தோட சேத்து அவிச்சா மை அழிஞ்சிருமா? ஓய்வு நேரத்துல எங்க போன?"

"அம்மாகிட்ட. தண்ணி குடிக்க."

எனக்கு அது போதும் என்று தோன்றியது. சிற்றுண்டிச்சாலை, அடுப்பு, கொதிக்கிற தண்ணீர், அங்கே அவளுடைய அம்மா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்து, அதிகாரிக்கும் கேட்கும்படி சொன்னேன். சத்தம் கேட்டுச் செல்வி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. என் சட்டியில இன்னிக்கு முட்டை ஏறாது சார். வந்து பாருங்க" என்றாள். அவ்வளவு பெரிய சாட்சியம் அது. நம்மவர்களில் யார் கேட்டாலும் நம்பியிருக்க வேண்டிய வார்த்தை. நான், "திருட்டுத்தனம் பண்றவங்களுக்கு வெள்ளி என்ன, சனி என்ன?" என்றேன். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு இம்முறை என் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிறகு யமுனாவின் சட்டையிலிருந்து தலைவிச் சின்னத்தைக் கழற்றச் சொன்னேன். உரித்த முட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, கொடிக்கம்பத்துக்கு அருகில், பள்ளி விடும் மணி அடிக்கும்வரை நிற்கச் சொன்னேன். ஒரு மணி வரை நின்றாள். அழவில்லை. நீ பதக்கத்தோடு வகுப்புச் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். அவளைப் பார்க்காமல் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு வயது பன்னிரண்டு, எனக்கு நாற்பது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அம்மா குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, ரெண்டு அவிச்ச முட்டை வச்சிருந்தேனே, நீங்களா சாப்டீங்க?"

"எந்த முட்டை?"

"வியாழக்கெழம சம்பலுக்கு அவிச்சது. நீங்க வரல. உங்களுக்கு உள்ள ரெண்ட உரிக்காம அப்படியே கதவுல வச்சேன். நேத்து வெள்ளி, தொட முடியாது. சரி, இன்னிக்குச் சாப்பிடுவீங்கன்னு வச்சிருந்தேன்."

நான் கூடத்துக்குப் போனேன். நீ பந்து விளையாடப் போயிருந்தாய். அலமாரியில் உன் பதக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு தேநீர்க் கோப்பையில், நீ வென்ற முட்டையை வைத்திருந்தாய். என் கையெழுத்து மேலே தெரிந்தது. அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சுழற்றினேன். பம்பரம்போல் சுற்றியது. விரலால் நிறுத்தி, விரலை எடுத்தேன். நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிய சோதனை அவ்வளவு துல்லியமாக எனக்கு அமைந்ததேயில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை நானே அவளிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

"திங்கக்கெழம போனதும் மொதல்ல அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

உன் முட்டையைக் கொல்லைப்புறச் சாக்கடையில் போட்டேன். நாற்றமடிக்கும் என்று உன்னிடம் சொன்னேன். நீ அழுதாய். எந்த முட்டையும் ஒரே நாளில் அப்படி நாறாது என்று உனக்கு அப்போது தெரியவில்லை. இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பதக்கத்தை நீ இன்னும் வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அன்று பச்சை முட்டை கொடுத்திருந்தால் உன் கூண்டு தாங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்கியிருக்கலாம். அதை உறுதியாகச் சொல்லும் உரிமையை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்.

திங்கட்கிழமை நான் சொல்லத்தான் போனேன். இதை நீ நம்ப வேண்டும். காலைச் சபைகூடலில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன். பள்ளி வாசலில் மாரிமுத்து குலை ஏற்றிய லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றார். பிள்ளைகள், பெற்றோர்கள், காவலாளி எல்லாரும் சுற்றி நின்றார்கள். "வா வாத்தியாரே! படிச்சவன் பேசுற பேச்சா அது? எம்புள்ள திருடியா? உன் வீட்டு முட்டை உன் வீட்டுலயே வெந்துச்சோ என்னமோ, போயி உன் பொண்டாட்டிய கேளு!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் ஏதோ ஆத்திரத்தில் சொன்னார். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை, கடைசி எழுத்துவரை உண்மை. ஆறாம் ஆண்டைத் தாண்டாத ஒரு லாரிக்காரர், ஒரு சோதனையும் செய்யாமல், நான் மேசைமேல் முட்டையைச் சுழற்றிக் கண்டுபிடித்ததைத் தெருவில் நின்று சொல்லிவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பையில் இருந்த தாளைக் கைக்குள் கசக்கினேன். "உங்க பொண்ண ஒழுங்கா வளங்க. லாரிய எடுங்க, புள்ளைங்க வரணும்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் புகார் எழுதினார்கள், மாரிமுத்துதான் முதல் கையெழுத்து. "என் சட்டியில வெள்ளிக்கெழம முட்டை ஏறுச்சுன்னு சொன்ன எடத்துல எனக்கு வேல இல்ல" என்று செல்வி சிற்றுண்டிச்சாலையை விட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஆண்டு என்னைப் பொந்தியானுக்கு மாற்றினார்கள். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி வரவேயில்லை. இத்தனை வருடமும் இதற்கெல்லாம் அந்தக் குடும்பம்தான் காரணம் என்று நான் வீட்டில் சொல்லாத நாள் இல்லை. நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். பிறகு சிங்கப்பூர்த் தொழிற்சாலைப் பேருந்தில் அவளைப் பார்த்ததும் அவள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் சொன்னது எதையும் நீ நம்பவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! அதற்காக உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? நீ செய்தது சரி என்பதால் வந்த கோபம் அது.

வஞ்சத்தைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல முடியும். என் அனுபவம் அதில்தான். அது வைத்திருக்கிறவனுக்கு வசதியானது. மாரிமுத்துவின் வாயை நினைத்துக்கொண்டே இருந்தால் யமுனாவின் உள்ளங்கையை நினைக்க வேண்டியிருக்காது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் குறைந்துவிடுமோ என்று நான் சில நாள் பயந்துகூட இருக்கிறேன். உனக்கும் பிள்ளை பிறக்கும். நாலு பேர் முன்னால் யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றினால், முதலில் உன் வீட்டுக் குளிர்பெட்டியைப் போய்ப் பார். அதைவிட முக்கியமாக, வீட்டுக்கு வர நேரமாகுமென்றால் ஒரு போன் செய். ஒரு போன் செய்திருந்தால் அந்த இரண்டு முட்டையும் அன்று இரவே சம்பலில் சேர்ந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அம்மா அவித்த முட்டையைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். நீ பள்ளியில் படிக்கும்போதே கவனித்துவிட்டு, "எதுக்கும்மா இது?" என்று கேட்டாய். "உங்க அப்பாவுக்குத்தான்" என்றாள். நான் தவறி எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக என்று நீ நினைத்துக்கொண்டாய். பதினைந்து வருடமாக, குளிர்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதுவல்ல, 'அந்தப் புள்ளகிட்ட இன்னும் சொல்லலையே' என்பதுதான். வேறொரு வார்த்தையும் அவள் இதைப் பற்றிப் பேசியதில்லை. நேற்று இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "பேப்பர்ல எந்தத் தேதின்னு கேட்டு நேரத்தோட அனுப்புங்க, நாம போறதுக்கு முன்னாடி அவங்களும் படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். அந்த முட்டையை யமுனா அவிக்கவில்லை. அவள் அம்மாவும் அவிக்கவில்லை. அது என் வீட்டில் வெந்த முட்டை. அதைக் கொண்டுவந்தவன் நான், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், மறுநாளே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவனும் நான்.

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாரிமுத்துவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவர் கத்துவார், தெருவே கேட்கும்படி கத்துவார், அவர் குரல் அப்படி. அவரை நான் சம்பந்தி என்று கூப்பிட எத்தனை நாளாகுமோ தெரியாது. ஒருவேளை வரவே வராது. ஆனால் அவர் கேட்டதைச் சொல்வேன். அவரிடம் சொல்வதற்கு முன் யமுனாவிடம் சொல்வேன். தாம்பூலத் தட்டை அம்மா எடுத்துக்கொண்டு உன்னோடு உள்ளே வரட்டும். செல்வி உள்ளே கூப்பிட்டாலும் நான் வாசலில்தான் நிற்பேன். நாம் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்வது மாதிரி வண்டியை எடு. எனக்கு இப்போது முழங்கால் வலி என்று உனக்குத் தெரியும். அதற்காகப் பரிதாபப்பட்டு நீ நாற்காலி எதுவும் கொண்டுவந்து போட்டுவிடாதே. அன்று அவள் ஒரு மணி வரை நின்றாள்.

உன் அப்பா